ஐந்து அங்குலம்

ஜூன் 4

என் தையல்காரிக்கு,

இங்கே நானும் படகும் நலம். நீயும் உன் தங்கை பிள்ளைகள் இருவரும் நலமென்று நானே வைத்துக்கொண்டேன். நீதான் எழுதுவதில்லையே. போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு வாய் அடைத்துக்கொள்கிறது, அதனால் பேனாவை எடுத்தேன்.

படகுக்கு மோட்டார் பொருத்தப் போகிறேன். நீ சிரிப்பது விரிகுடாவைத் தாண்டி இந்தக் கரைவரை கேட்கிறது. "பாய் இருக்கிற படகுக்கு மோட்டார் எதுக்கு, கால் இருக்கிறவனுக்குக் கட்டை எதுக்கு" என்று முப்பது வருஷம் பேசியவன்தான் நான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று கேட்பாய். கேள். போன வருஷம் உன் தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, காற்று நின்றுபோய் நாம் நடுத்தண்ணீரில் ஒன்பது மணி நேரம் கிடந்தோம். போய்ச் சேர்வதற்குள் அவள் போய்விட்டாள். "மோட்டார் இல்லாத படகுல இனி கால் வைக்கமாட்டேன்" என்று, காரியம் முடிந்து வீடு திரும்பிய அன்று நம் கரையில் நின்று சொன்னாய். பிறகு, பிள்ளைகளோடு நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேனென்று வேறொருவரின் மோட்டார் படகில் ஏறிப் போனாய். பொருத்தி முடித்ததும் நானே ஓட்டி வந்து உன்னை வீட்டுக்கு அழைத்து வருவேன்.

படகின் பின்பலகை எவ்வளவு உயரம் என்று மெக்கானிக் கேட்டார். மோட்டாரின் தண்டு அதற்குத் தக்க நீளமாக இருக்க வேண்டுமாம். உன் தையல் டப்பாவில் இருந்த டேப்பால் அளந்தேன். இஸ்திரிப் பெட்டியில் கருகியதென்று நீ வெட்டிப் போட்டாயே முதல் ஐந்து அங்குலம், அதை மறக்காமல் கழித்தேன். இருபது காட்டியது, பதினைந்து என்று சொல்லிவிட்டேன். பார்த்தாயா, உன்னோடு குடும்பம் நடத்தியது வீண் போகவில்லை.

உன்,
பாய்மரம்

ஜூன் 15

பாய்மரத்தாருக்கு,

நலம்தான். பெரியவளுக்குப் பரீட்சை, சின்னவளுக்கு இருமல். அவர்கள் அப்பா வேலைக்குப் போய்விட்டால் எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். எழுதாததற்கு அதுதான் காரணம் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை.

முதலில் ஒன்று. டப்பாவில் இருப்பது புது டேப். கிளம்புவதற்கு முந்தின நாள் வாங்கி வைத்தேன். ஒரு திரைச்சீலை அளக்கக்கூட நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டாமே என்றுதான். பழையது என்னிடம் இருக்கிறது. அதனால் எதையும் கழிக்காதீர்கள். உங்கள் பின்பலகை இருபதுதான்.

பலகையும் பழசு. துளை போடுமுன் தட்டிப் பாருங்கள். அந்த இடுப்பை வைத்துக்கொண்டு மோட்டாரைத் தனியாகத் தூக்காதீர்கள். யாரையாவது கூப்பிடுங்கள். கூப்பிட்டால் வருவார்கள், நீங்கள்தான் கூப்பிடமாட்டீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தையல்காரி

ஜூன் 24

என் தையல்காரிக்கு,

உன் கடிதம் இரண்டு நாள் பிந்திவிட்டது. மோட்டார் வந்து இறங்கிவிட்டது. பழைய மோட்டார், ஐந்து குதிரைச் சக்தி, தண்டு பதினைந்து அங்குலம். வாங்கியதைத் திருப்பி எடுப்பதில்லை என்று கடைக்காரர் பலகையே மாட்டி வைத்திருக்கிறார்.

நீ சொன்னது சரி. துளை போட்டதும் பின்பலகைக்குள்ளிருந்து ஈரக் காப்பித்தூள் மாதிரி கொட்டியது. உளுத்ததைச் சுரண்டி எடுத்து, உள்பக்கம் புதுப் பலகை வைத்து, நாலு போல்ட் முறுக்கி, தண்ணீர் புகாமல் பசை பூசினேன். எல்லாம் தனியாகத்தான். இடுப்பு மூன்று நாள் பேசவில்லை.

துறைக்குள் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகவே போகிறது. "தண்டு குட்டை, அலையில நுனி விசிறி தண்ணிக்கு மேல வந்துடும், பாத்துக்கங்க" என்றார் மெக்கானிக். ஐந்து அங்குலத்தில் என்ன குடிமுழுகிவிடும்? அலையில்லாத நாளாகப் பார்த்து வருகிறேன்.

நேற்று அந்த டேப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒன்றிலிருந்து தொடங்குகிறது. எனக்கென்று புது டேப் வாங்கி வைத்துவிட்டுப் போகிறவள் நாலு நாளில் திரும்புகிறவள் இல்லை. ஒரு வருஷம் கழித்து இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்,
பாய்மரம்

ஜூலை 3

பாய்மரத்தாருக்கு,

வராதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். உங்கள் மோட்டாருக்குக் காலே எட்டவில்லை.

காற்று நின்றதற்கு உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. காற்று என்ன உங்கள் சொத்தா? அன்று இரண்டாவது மணி நேரத்தில் ஒரு மோட்டார் படகுக்காரர் பக்கத்தில் வந்து கயிற்றை நீட்டினார். "கட்டிக்கிறீங்களா, இழுத்துட்டுப் போறேன்" என்று கேட்டார். "வேண்டாங்க, இப்ப காத்து வந்துடும்" என்றீர்கள். நான் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதற்குப் பிறகு ஏழு மணி நேரம்.

இதை நீங்கள் ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. பரவாயில்லை. இன்னொருவரிடம் கை நீட்ட உங்களால் முடியாது, செத்தாலும் முடியாது, பிறவி அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். நொண்டியை ஏன் ஓடவில்லை என்று கேட்க முடியுமா? அப்படி நினைத்தால் கொஞ்சம் ஆறுகிறது. அவசரப்படுத்தாதீர்கள்.

தையல்காரி

ஜூலை 13

என் கண்ணுக்கு,

உன் பேச்சைக் கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன். பாதி தூரத்தில் காற்று நின்றது, ஆனால் அலை நிற்கவில்லை. மோட்டாரை ஓடவிட்டு, பாயை இறக்க முன்பக்கம் போனேன். நான் முன்னே போனதும் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. விசிறி வெறும் காற்றில் சுற்றி அலறியது. ஓடி வந்து பின்னால் உட்கார்ந்தால் பாதி இறங்கிய பாய் முகத்தில் அடித்தது. இப்படி நாலைந்து தடவை. கடைசியில் குளிரத் தண்ணீர் கிடைக்காமல் மோட்டார் சூடேறி அணைந்துவிட்டது. அதே இடம். அதே தண்ணீர். நீ மட்டும் இல்லை.

ஒரு மீன்பிடிப் படகு போனது. எழுந்து நின்று, "கயிறு கொடுங்க" என்று கத்தினேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவர்கள் வீசினார்கள், நான் முன்கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. யாரும் சிரிக்கவில்லை. "இதுல என்னங்க இருக்கு" என்றார் அந்தப் படகுக்காரர். அவர்கள் இந்தக் கரைக்கு வருகிறவர்கள், அதனால் என் வீட்டுக்கே இழுத்து வந்து விட்டார்கள்.

வழியெல்லாம் அழுதேன். அன்று கயிறு வேண்டாம் என்றது நான்தான். தப்பு என்னுடையது. எழுதிவிட்டேன். ஆனால் பார், என்னாலும் கேட்க முடிந்தது. நீ நினைக்கிற மாதிரி நான் நொண்டி இல்லை. நீளத் தண்டு மோட்டாருக்குச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வா.

உன்,
பாய்மரம்

ஜூலை 22

உங்களுக்கு,

பத்திரமாகக் கரை சேர்ந்தீர்கள் என்று படித்ததும் மூச்சு வந்தது. அது உண்மை.

பிறகு கடிதத்தை நாலு தடவை படித்தேன். தப்பை ஒத்துக்கொண்டீர்கள். அதற்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் இரண்டு நிமிஷம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை.

உங்களால் முடியாது என்று நம்பித்தான் பாதிவரை மன்னித்து வந்தேன். இரண்டு நிமிஷத்தில் முடிகிற காரியம் என்று இப்போது தெரிந்துவிட்டது. அந்தப் பாதியையும் நீங்களே பறித்துக்கொண்டீர்கள். திட்டுவதற்காக எழுதவில்லை. என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. சின்னவள் அவள் அம்மா ஜாடையில் சிரிக்கிறபோது நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொள்கிறேன்.

புது மோட்டார் வந்தால் தூக்க ஆள் கூப்பிடுங்கள். இப்போதுதான் கூப்பிடத் தெரிந்துவிட்டதே.

நான் வரவில்லை.