பவளத் தொட்டிக்கு இரண்டு விளக்குகள்

12 ஜூன் 2006, திங்கள்

என் வீட்டுக்காரர் சாமுவேலுக்கு நிஜமாகவே நிறம் தெரியவில்லையா, இல்லை தெரிந்துகொண்டே அப்படிச் சொன்னாரா?

காலை ஏழுக்கே வெயில். பள்ளி திறந்து முதல் வாரம். நான் எடுக்கும் பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் புத்தகம் இன்னும் வரவில்லை.

விஷயம் இதுதான். கூடத்தில் நான் உயிர்ப்பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் பழைய விளக்கு மங்கிவிட்டது. மீன் கடை ரியாஸ் சென்னையிலிருந்து இரண்டு விளக்குகள் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார், ஒரு வாரம் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லி. ஒன்று ஜெர்மன், பேர்போன கம்பெனி. மற்றது சீனா, பெட்டியில் பெயரே இல்லை, ஒரு டால்பின் படம் மட்டும். விலை ஜெர்மன் விளக்கில் கால்வாசி. தொட்டியின் நடுவில் கருப்பு பிளாஸ்டிக் அட்டை, இரு பக்கமும் பவளம். இடது ஜெர்மன், வலது சீனா.

சாமுவேல் தோல் பார்ப்பது போலவே பார்த்தார். ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக அதுதான் வேலை: மாதிரித் துண்டையும் வந்த சரக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று சொல்வது. அவர் 'ஓகே' என்றால்தான் கப்பலேறும். இரண்டு விளக்குக்கும் கீழே ஒவ்வொரு வெள்ளைத்தாள் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார்.

"ரெண்டும் ஒரே ஷேடு. கம்மி விலையில இருக்கறதயே வெச்சிக்கலாம்."

இடது தாள் பால். வலது தாள் சொட்டு நீலம் கொட்டிப்போன வேட்டி. ஒரு குழந்தைகூடச் சொல்லும்.

விலைக்காகச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் விலைக்காக நிறத்தில் பொய் சொல்லும் ஆள் இல்லை. என் முகூர்த்தப் புடவையையே மூன்று முறை திருப்பி அனுப்பியவர்.

தாள்களை வாங்கி மடித்து வைத்தேன்.

வாங்க வேண்டியவை: உப்பளவு பார்க்கும் மீட்டர், ரசப்பொடி, சிவப்பு மை.


14, புதன்

காற்றே இல்லை. மாலை இரண்டு மணி நேரம் கரண்ட் கட்.

விளக்குக் குறிப்பு. பவளம் அழகாகத் தெரிகிறதா என்பது கேள்வியே இல்லை. அதன் சதைக்குள் இருக்கும் பாசி ஒளியில் சமைத்துப் போடுகிறது. பவளம் அதைத் தின்று பிழைக்கிறது. ஆகவே எந்தப் பக்கம் நன்றாக விரிகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.
இடது: காலை 7.40க்கு முழுசாக விரிந்தது.
வலது: 7.45.
ஐந்து நிமிடத்துக்கா நான்கு மடங்கு விலை? பெட்டியில் அச்சடித்ததை நான் நம்புவதில்லை, ஜெர்மன் என்றாலும்.

பள்ளி விட்டு வரும்போது பஸ் ஸ்டாப்பில் இஸ்மாயில். இவருடன் ஒரே மேஜையில் இருபது வருடம் வேலை பார்ப்பவர், என்னை அண்ணி முறையில் 'பாபி' என்பார். ஆம்பூரிலிருந்து எனக்காகவே வந்திருக்கிறார்.

"பாபி, ஒரு பேஜாரு. சொல்லக் கூடாது, சொல்லாமயும் இருக்க முடியல."

"சொல்லுங்க."

"நேவி ப்ளூ லாட்டுல கருப்பு தோலு கலந்திருந்தாலும் ஓகே போட்றாரு. மூணு தடவ ஆயிடுச்சி. அவரு டீ குடிக்கப் போனதும் நான் மாத்தி வெச்சிட்றேன். ஆனா வர்ற செவ்வாக்கிழம சரக்கு வாங்கற பையரு நேர்ல வர்றான். அவன் கண்ணு முன்னாடி சாரு எடுத்துக் குடுக்கணும். அங்க நான் இன்னா பண்றது?"

"நீங்களே அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா தோஸ்தி போச்சு பாபி. நீங்க சொன்னா கோவம்தான வரும்? ஒரு வேள சாப்ட மாட்டாரு. அவ்ளோதான்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீ வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாமென்று பஸ் ஏறிவிட்டார்.

கண்புரை என்று ஊகிக்கிறேன். லென்ஸ் பழுப்பேறினால் முதலில் போவது நீலம். வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன்.


17, சனி

ஒரு ஆதாரத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. சாமுவேலிடம் தையல் டப்பாவிலிருந்து நீல நூல் எடுத்துத் தரச் சொன்னேன். கருப்பு வந்தது.

"இது கருப்புங்க."

"கண்ணாடி போடல."

கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அவருக்கே உறைத்திருக்கும். பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பக்கம் திருப்பும் சத்தம் ரொம்ப நேரம் கேட்கவில்லை.

சொந்த வீட்டில் புருஷனுக்குப் பரீட்சை வைக்கிறேன். வெட்கம்.

பவளம்: இரண்டு பக்கமும் ஒன்றுபோல. வலது பக்கம் ஒரு மொட்டுகூட விட்டிருக்கிறது.

மாவு புளித்துவிட்டது.


18, ஞாயிறு

ஆராதனையில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. எப்படித் தொடங்குவது என்று மனசுக்குள் எழுதி எழுதி அடித்தேன்.
– "இஸ்மாயில் வந்திருந்தார்." (கூடாது. அவரைக் காட்டிக்கொடுப்பது.)
– "எனக்குக் கண் பார்க்கணும், கூட வர்றீங்களா?" (தந்திரம். கண்டுபிடித்துவிடுவார்.)
– "உங்களுக்கு நீலம் தெரியவில்லை." (உண்மை. வாயில் வராது.)

மதியம் சாப்பாட்டில் சுற்றி வளைத்து:

"ஒரு தடவ கண்ண காட்டிட்டு வந்துடலாமே."

"இப்ப இன்னா அவசரம்? கிறிஸ்மஸ் தாண்டட்டும்."

"சின்ன ஆபரேஷன்தான் இருக்கும், இருந்தாலும்."

"ஆபரேஷன்னு நான் சொன்னேனா? பேப்பர் படிக்கறேன், பஸ் நம்பர் படிக்கறேன். இன்னா வேணும் உனக்கு?"

ரசம் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டார்.

பயம் புரிகிறது. கண்ணில் கத்தி வைத்த ஆளை அந்த மேஜையில் மறுபடி நிற்க விடுவார்களா? ஸ்டோரில் கணக்கெழுத உட்காரவைப்பார்கள். ஆனால் செவ்வாயன்று வெளியாள் முன்னால், அத்தனை பேர் பார்க்க, கருப்பை நீலம் என்று எடுத்து நீட்டினால்?

நாளை ஏழு மணிக்கு ரியாஸ் வருகிறார், வேண்டாத விளக்கைக் கழற்ற. அவர் போனதும் சொல்லிவிடுவேன். மூன்றாவது வாக்கியம். சுற்றி வளைக்காமல்.


19, திங்கள்

நான் சொல்லவில்லை.

ரியாஸ் ஆறே முக்காலுக்கே வந்துவிட்டார், ஸ்க்ரூ டிரைவரோடு.

"சார், எத கழட்டட்டும்?"

சாமுவேல் சட்டைக்கு பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். தொட்டியைப் பார்க்கவில்லை.

"மேடத்த கேளு பாய். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

"அப்பிடி போடுங்க! ஆம்பூர்ல சார் கண்ணுதான் கண்ணு. சார் கண்ணுக்கே ஒண்ணுன்னா சைனா மாலுதான் ஜெயிச்சிச்சி. இத சொல்லியே பத்து பீஸ் வித்துடுவேன்."

"அப்பிடி சொல்லி விக்காத." பட்டனை விட்டுவிட்டு நின்றார். "ஒண்ணு நீலமாமே. எனக்கு தெர்ல."

ரியாஸ் என்னைப் பார்த்தார். நான் ஜெர்மன் விளக்கைக் கழற்றச் சொன்னேன். பவளம் இரண்டிலும் ஒன்றாகத்தான் விரிகிறது, அதனால் விலை குறைந்ததே போதும் என்றேன். குரல் வகுப்பெடுப்பது போல இருந்தது. ரியாஸ் பேசாமல் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

விளக்கு நீலம் என்று நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை, இந்த நோட்டில் எழுதியதைத் தவிர. யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

அவர் வேலைக்குக் கிளம்பவில்லை. நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். எட்டேகாலுக்கு டயல் செய்தார்.

"இஸ்மாயிலு, நாளைக்கு பையரு முன்னாடி நீதான் நிக்கணும். இரு, ஏன்னு சொல்றேன்."

சமையலறைக்கு வந்து தேங்காய்ச் சில்லைப் போட்டு மிக்ஸியை ஓட்டினேன். நிறுத்தியபோது இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மறுபடி ஓட்டினேன்.