மல்லிகா பார்த்து வாங்கிய ஏணி

ஜூன் 3, புதன்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. மல்லிகாவோடு திருச்செங்கோடு ரோட்டுக் கல்யாண மண்டபத்துக்குப் போனேன். எங்கள் கண்ணாடி துடைக்கும் தொழிலுக்கு முதல் வேலை. கிடைத்தால்.

முகப்பு முழுக்கக் கண்ணாடி, இரண்டு மாடி உயரம். ரோட்டுப் புழுதி, புறா எச்சம், போன கல்யாணத்து ஜிகினாத்தாள். நான் அண்ணாந்து எண்ணினேன், பதினெட்டு. மல்லிகா கண்ணாடியைப் பார்க்கவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் டைல்ஸைக் கால் விரலால் தேய்த்துப் பார்த்தாள். அப்புறம் இடது ஓரமாகப் போய் நின்று மேலே கை காட்டினாள்.

"அக்கா, கரண்டுக் கம்பி போவுது பாருங்க."

பத்து நிமிஷமாக அதே இடத்தில்தான் நிற்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

மேனேஜர் ஈஸ்வரன். நல்ல மனுஷன், அவசரக்காரர். "ஏணியெல்லாம் எங்ககிட்டயே இருக்குதுங்க. சீரியல் லைட்டு கட்டுறவங்க ஏறுறதுதான். துணியும் வாளியும் கொண்டாந்தீங்கன்னாப் போதும்."

இரும்பு ஏணி. காலில் ரப்பர் கிடையாது, ஒரு காலில் மட்டும் சாக்கு சுற்றியிருந்தது. நடுவில் ஒரு படி, கம்பி வைத்துக் கட்டினது.

"இதுல நாங்க ஏற மாட்டோமுங்க" என்றாள் மல்லிகா.

"இத்தன வருசமா ஏறிட்டுத்தானுங்க இருக்கறாங்க."

"இருக்கட்டுங்க. நாங்க எங்க ஏணியோட வாரோம்."

எங்களிடம் ஏணியே இல்லை! முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றேன். அடுத்த வியாழன் மாலை பெண் அழைப்பு, அதற்குள் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றார். சரி என்று வந்துவிட்டோம். எனக்கென்றால் அந்த இடத்தில் வாய் வந்திருக்காது.

கேஸ் சிலிண்டர் புக் பண்ண மறந்தாயிற்று.

ஜூன் 4, வியாழன்

பகல் முழுக்கப் புழுக்கம். மதியம் மல்லிகா வீட்டில். இன்னும் உட்காரும்போது ஒரு கையை ஊன்றித்தான் உட்காருகிறாள்.

ஒரு தனியார் விடுதியில் துப்புரவு வேலையில் எட்டு வருஷம் ஒன்றாக இருந்தோம். போன வருஷம் முதல் மாடி ஜன்னல் துடைக்கும்போது, ஈர டைல்ஸில் ஏணி வழுக்கிக் கீழே விழுந்தாள். நான் அடுத்த ஜன்னலில். சத்தம் மட்டும் கேட்டது. இடுப்பில் பிளேட், நாலு மாதம் படுக்கை. நானாக இருந்தால் ஏணி என்ற பேச்சையே எடுக்க மாட்டேன். அவள் படுக்கையில் இருந்துகொண்டே, "நாமளே தனியாப் பண்ணலாங்க்கா. நீங்க மேல ஏறுங்க, நான் கீழ பாத்துக்கறேன்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த நாலு மாதமும் போனில் ஏணியைப் பற்றித்தான் பார்த்திருக்கிறாள், ஏன் வழுக்குகிறது, எப்படிச் சாய்ப்பது என்று.

நாளை சேலம் கடையில் கேட்க வேண்டியது. அவள் சொல்ல நான் எழுதினது:

எத்தனை கிலோ தாங்கும்? ஆளை மட்டும் சொல்லக்கூடாது, தண்ணீர் வாளியோடு.
காலில் ரப்பர். தேய்ந்தால் மாற்ற, ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்குமா?
படி தட்டையா, உருண்டையா. உருண்டை என்றால் பாதம் கடுக்கும், கடுத்தால் ஆள் அசைவாள்.
அலுமினியத்தில் மின்சாரம் பாயும். மண்டபத்துக்கு ஆகாது. பைபர் கேட்க.
கண்ணாடி மேல் சாயாமல் சுவரில் சாய்வதற்கு ஏதாவது இருக்கிறதா?
சேலையோடு ஏறக்கூடாது. (இது கடைக்காரருக்கு இல்லை, எனக்கு.)

சாயங்காலம் கொடியில் கிடந்த மகளின் பழைய சுடிதாரைப் போட்டுப் பார்த்தேன். கை மட்டும் பிடிக்கிறது.

ஜூன் 5, வெள்ளி

கா. 7 பஸ். ராசிபுரம் தாண்டி உட்கார இடம். மல்லிகாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன், குலுங்கினால் இடுப்பு வலிக்கும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஹார்டுவேர்ஸ் கடை. முதலாளி பாய், ஐம்பது வயதிருக்கும், நல்ல கனமான உடம்பு. முதலில் ஒரு ஏணி காட்டினார், குழாய்க்குள் குழாயாக மடங்கிப் பெட்டி மாதிரி ஆகிவிடுகிறது. எனக்குக் கொள்ளை ஆசை. பஸ்ஸிலேயே கொண்டுபோகலாம். மல்லிகா ஒவ்வொரு படியாக இழுத்து, பூட்டு விழும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். ஏழாவது படியில் சத்தம் வரவில்லை. மறுபடி இழுத்தாள். வரவில்லை. "வேண்டாங்க."

அடுத்து அலுமினியத்தில் ஒன்று, கரண்டுக் கம்பி இல்லாத இடத்து வேலைக்கு ஆகுமா என்று. அதைத் தரையில் படுக்க வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அவர் சட்டம் பார்ப்பதும் இப்படித்தான். பிறகு நிமிர்ந்து, "நீங்க ஒருக்கா ஏறிக் காட்டுங்களேன்" என்றாள்.

பாய்க்குப் புரியவில்லை. "யாரு, நானாம்மா?"

"உங்க கடைப் பொருளுங்க. நீங்க ஏறி நின்னீங்கன்னா எங்களுக்குத் தைரியம். ரெண்டு பெயிண்டு டப்பாவையும் தூக்கிக்குங்க. நாங்க வாளியோடதான ஏறுவோம்."

கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை. பாய்க்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் டப்பாக்களோடு ஏறினார். நாலாவது படியில் ஏணி முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் போயிற்று. அவர் முதல் படி ஏறும்போதே மல்லிகா ஏணியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விடவில்லை. பாய் இறங்கினார். டப்பாக்களைக் கீழே வைத்தார்.

கடை ஆளைக் கூப்பிட்டு, "இத எடுத்துப் பின்னால போடு" என்றார். பிறகு இவளைப் பார்த்து, "தங்கச்சி, இத இனிமே நான் விக்க மாட்டேன்."

அவரையும் பாராட்டத்தான் வேண்டும். எத்தனை கடைக்காரர் இப்படிச் சொல்வார்?

கடைசியாகப் பைபர். மஞ்சள் நிறம், இரண்டு துண்டு, ஒன்றை மேலே நீட்டிக்கொள்ளலாம். காலில் தடித்த ரப்பர். படி தட்டை, அதிலும் சொரசொரப்பு. நூற்றைம்பது கிலோ தாங்கும் என்று ஒட்டியிருந்தது. இந்தத் தடவை யாரும் சொல்லாமலே பாய் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஏணி அசையவில்லை. மேலே நின்று, "போதுமா?" என்றார். மல்லிகா முதல் தடவையாகச் சிரித்தாள்.

நினைத்ததைவிட விலை அதிகம், கனமும் அதிகம். சுவரில் சாய்வதற்கான நீளக் குறுக்குச் சட்டம் வரவழைக்க வேண்டுமாம். பார்சல் லாரியில் சேர்த்து அனுப்புகிறேன் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் மல்லிகா தூங்கிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தக் கனத்த மனுஷனைத் தாங்கிப் பிடித்த கை. உள்ளங்கையில் ஏணிச் சட்டம் பதிந்த சிவப்புக் கோடு.

ஜூன் 9, செவ்வாய்

ஏணி வந்தது. தெருவே கூடிவிட்டது. கொஞ்சம் காற்று, அதனால் வீட்டுக்குப் பின்பக்கம் மறைவில் ஏறிப் பழகினேன்.

சாய்மானம் பார்க்க அவளுடைய வழி: ஏணிக் காலில் நம் கால் விரலை வைத்து நேராக நின்று கையை நீட்டினால், உள்ளங்கை படியில் சரியாகப் படவேண்டும். எட்டவில்லை என்றால் ரொம்பப் படுத்திருக்கிறது. முட்டினால் ரொம்ப நிமிர்ந்திருக்கிறது. எவ்வளவு எளிது! எட்டு வருஷம் ஏறியிருக்கிறேன், யாரும் சொன்னதில்லை.

பதினொரு தடவை ஏறி இறங்க வைத்தாள். எட்டிப் போய்த் துடைத்தால் கீழிருந்து அதட்டல். "அக்கா, தொப்புளு ரெண்டு சட்டத்துக்கும் நடுவுலயே இருக்கோணும்! வெளிய போச்சுன்னா எறங்கிப்போடுங்க, ஏணிய நகத்திக்கலாம்."

பக்கத்து வீட்டில் சிரிப்பு. சிரிக்கட்டும்.

முழங்கால் வலி. வெந்நீர் ஒத்தடம். ராத்திரிக்கு வெறும் தயிர்சாதம்.

ஜூன் 11, வியாழன்

கா. 7 மணிக்கே மண்டபம். தரையைத் துடைத்து ஈரமில்லாமல் ஆக்கிய பிறகுதான் ஏணியை நிறுத்த விட்டாள். சுற்றிலும் கயிறு கட்டி ஆள் நடமாட்டத்தைத் தடுத்தாள்.

இடது ஓரத்து இரண்டு கண்ணாடியைத் தொடமாட்டோம் என்று முன்பே சொல்லியாயிற்று. ஈஸ்வரன் விடவில்லை. "பைபர் ஏணிதானுங்களே? கரண்டு பாயாதுல்ல?"

"ஏணி பைபருங்க. நனஞ்ச துணியும் நனஞ்ச கையும் பைபர் இல்லீங்களே."

மனுஷன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

பதினாறு கண்ணாடி. மூன்று மணிக்குப் பதினைந்து முடிந்தது. வேலை எவ்வளவு சுகமாகப் போயிற்று என்று எழுதத் தெரியவில்லை. மேலே நிற்கும்போது பயமே இல்லை. கண்ணாடியில் ரோடு தெரிகிறது, முட்டை லாரி தெரிகிறது, என் முகமும் தெரிகிறது.

கடைசி ஒன்று, வலது பக்கம் மேல் வரிசை. நாலாவது படி ஏறிக்கொண்டிருக்கிறேன். திடீரென்று காற்று. புழுதி கண்ணில்.

"அக்கா, எறங்குங்க."

"ஒண்ணுதான மல்லிகா. அஞ்சு நிமிசம்."

"எறங்குங்க."

இறங்கினேன். ஈஸ்வரன் ஓடி வந்தார். பெண் வீட்டார் பரமத்தியைத் தாண்டிவிட்டார்களாம். "ஒரு கண்ணாடிக்கு இப்படிப் பண்ணலாமுங்களா? நேரா வர்றவங்க கண்ணுல படுற எடமுங்க!" குரல் ஏறிவிட்டது. இனி நாமக்கல்லில் யார் எங்களைக் கூப்பிடுவார்கள்?

மல்லிகா ஏணியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "அந்தக் கண்ணாடி அழுக்கா இருந்தா கல்யாணம் நிக்காதுங்க. எங்கக்கா உழுந்தா நின்னுபோகும். காலைல காத்து இருக்காது. முகூர்த்தத்துக்கு முன்னால தொடச்சுப்போட்டுத்தான் போவோம்."

வாசல் வளைவில் கட்டியிருந்த வாழை மரம் ஒன்று காற்றில் சாய, அதைப் பிடிக்க ஈஸ்வரன் ஓடினார்.

வீட்டுக்கு வந்ததும் அழுதேன். ஏன் என்று சரியாகத் தெரியவில்லை. எனக்காக இப்படி ஒருத்தர் நின்று பேசினது இல்லை, அதனால் இருக்கும்.

ஜூன் 12, வெள்ளி

விடிகாலை. இலைகூட அசையவில்லை. மல்லிகா சொன்னபடியே.

மண்டபம் போனபோது ஐந்தே முக்கால். ஈஸ்வரன் தானே வந்து தரை ஈரத்தைத் துடைத்துக் கொடுத்தார். கயிறும் அவரே கட்டினார்.

ஏறினேன். சோப்புத் தண்ணீர் போட்டு ரப்பர் பட்டையால் மேலிருந்து கீழ் ஒரே இழுப்பு. பாதி முடிவதற்குள் மேளம். கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பெண் வந்து இறங்கினாள். கேமராக்காரர்கள், ஆரத்தி, குழந்தைகள், சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஒருவர், ஈஸ்வரன், எல்லோரும் அந்தப் பக்கம். கண்ணாடியில் அத்தனை முதுகும் தெரிந்தது. நானும் ஒரு நிமிஷம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அரக்குப் பட்டு, நெற்றி நிறைய வியர்வை, நல்ல களையான பெண்.

இறங்கி, ஏணியை மடக்கும்போது கேட்டேன். "பொண்ணு எப்படி மல்லிகா? சேலை நல்லாயிருந்துச்சில்ல?"

"நான் எங்கீங்க பாத்தேன்? நீங்க மேல இருந்தீங்களே."