மணிக்கட்டு அளவு

ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் மன்னித்துக்கொள். நேற்றுதான் போனில் பேசினோம், இன்றைக்குக் கடிதமா என்று சிரிக்காதே. நீ போனை எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுகிறாய். நான் "அக்கா" என்றால், அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லாம் "நல்லாயிருக்கியாம்மா" என்கிறார்கள். இஸ்திரி போட்டுக்கொண்டே மாமா நடுவில் புகுந்து, அங்கே மழை உண்டா என்கிறார். அத்தனை பேர் முன்னால் வயிற்றளவு சொல்ல எனக்கு வாய் வருமா?

விஷயம் இதுதான். பரிசோதனைக் கூடத்தில் போடுகிற வெள்ளைக் கோட்டு வயிற்றில் சேர மாட்டேன் என்கிறது. ஏழாம் மாதம் பிறந்துவிட்டது. திறந்த கோட்டின் ஓரம் சல்லடையில் மாட்டி, நேற்று ஒரு தட்டு மண் என் செருப்பின் மேல் கொட்டியது. மேற்பார்வையாளர் விளக்குமாற்றை எடுத்துக் கையில் கொடுத்தார். பெரிதாக ஒன்று தைத்து அனுப்புகிறாயா? அமிலம் கையாள்வதால் முழுக்கை வேண்டும், மணிக்கட்டில் பொத்தானோடு.

நீ கொடுத்த பழைய டேப்பில்தான் அளந்தேன். அதில் முதல் அங்குலம் கிழிந்து போயிருப்பதை மறக்கவில்லை. எல்லாவற்றிலும் ஒன்றைக் கழித்துத்தான் எழுதுகிறேன். மார்பு 36. வயிறு 39. கை நீளம் 22. மணிக்கட்டு 6.

அவர் பாலம் கட்டுகிற இடத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறார். வந்ததும் வயிற்றோடு பேசுகிறார். என்னோடு அப்புறம்தான்.

உன்
வாயில்லாப்பூச்சி


ஏப்ரல் 19

வாயில்லாப்பூச்சிக்கு,

கோட்டு இதோடு இருக்கிறது. வயிற்றுப் பக்கம் இரண்டு அங்குலம் உள்ளே மடித்திருக்கிறேன், வளர வளரப் பிரித்துக்கொள். மணிக்கட்டு ஆறு என்றாய், அசைவுக்கு ஒன்று சேர்த்து ஏழு வைத்திருக்கிறேன். துணி சுருங்காது, ஊறவைத்துக் காயப்போட்டுத்தான் வெட்டினேன்.

உன் கடிதத்தைப் படித்த மாமாவுக்கு ரோஷம். இனிமேல் மழையைப் பற்றி வாயே திறக்க மாட்டாராம். இரண்டு நாள் பார்ப்போம்.

மண்ணைச் சோதிக்கவா நம் வீட்டுப் பெண் காலேஜ் வரைக்கும் போனாள் என்று ஒருத்தி கேட்டாள். என் தங்கை கையெழுத்துப் போட்டால்தான் உன் வயல் மண்ணுக்கே மரியாதை என்று சொல்லி அனுப்பினேன். அவள் சட்டையை நாளைக்குத் தரலாம் என்று இருந்தேன், அடுத்த வாரம் தருகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

கோபித்துக்கொள்ளக் கூடாது. விவரம் தெரிந்ததிலிருந்து நீ தைத்ததைத்தான் போடுகிறேன், இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு குறை. வயிறு கச்சிதமாக இருக்கிறது. மடிப்பையே பிரிக்கவில்லை. ஆனால் மணிக்கட்டுப் பொத்தான் இரண்டு கையிலும் சேரவில்லை. திரும்ப அளந்தேன். வயிறு முப்பத்தொன்பதரை. மணிக்கட்டு ஏழேகால். முதல் தடவை நான் ஒன்றுக்குப் பதில் இரண்டைக் கழித்துவிட்டேன் போல. பட்டதாரியின் கணக்கு.

பழியை உன்மேல் போட்டதற்கு இதுவே மன்னிப்பு. பொத்தானைத் தள்ளித் தைத்துக்கொள்கிறேன்.

மற்றபடி சுகம். மோதிரம் இறுக்கியதால் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன், அதற்கே அரைக்கட்டி சோப்பு கரைந்தது. நீர் கோத்திருக்கு, எல்லாருக்கும் வருவதுதான் என்கிறார்கள் கூட வேலை செய்கிறவர்கள். மாலையானால் நெற்றி விண்விண் என்று தெறிக்கிறது. பாட்டிலில் எண் ஒட்டும்போது கண்ணுக்கு முன்னால் பொட்டுப் பொட்டாக மினுங்குகிறது. கண்ணாடி மாற்ற வேண்டும். அடுத்த செக்கப் இருபதாம் தேதி.

மாமா பேச ஆரம்பித்துவிட்டாரா?

உன்
வாயில்லாப்பூச்சி


மே 6

தங்கச்சி,

இன்று காலை போனில் உன்னை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். "நல்லாயிருக்கேன்க்கா, இருபதாம் தேதி போறேன்" என்றாய். பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று குரலிலேயே தெரிந்தது. மாப்பிள்ளைக்கு மூன்று தடவை அடித்தேன், கிடைக்கவில்லை. அதனால் இதைப் பகல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக் காலை உன் ஆபீஸ் வாசலில் தருவார்.

நீ கழித்தது சரி. வயிற்றையும் அதே டேப்பில், அதே கையால், அதே நேரத்தில்தானே அளந்தாய்? வயிறு சரியாகப் பொருந்துகிறது. டேப் தப்பென்றால் எல்லாமே தப்பாக இருக்கும். இருபது வருஷமாக உடம்புகளை அளக்கிறேன். மூன்று வாரத்தில் வயிறு அரை அங்குலமும் மணிக்கட்டு ஒன்றேகாலும் ஏறினால் அது சாதாரண வீக்கம் இல்லை.

எனக்கு எட்டாம் மாதம் நடந்தபோது நீ பத்தாவது படித்தாய். குழந்தை தங்கலை என்று உன்னிடம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். நடந்தது இது. கை வீங்கிக் கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையவில்லை. நீர் கோத்திருக்கு என்றார்கள், நானும் அதையே சொன்னேன். தலைவலியை ஊசி கோக்கிற வேலையால் என்றேன். கண்ணில் மினுங்கியதை வெயிலால் என்றேன். ஐந்தாம் நாள் மிஷின் மேலேயே வலிப்பு வந்து சாய்ந்தேன். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ரத்த அழுத்தம் ஏறியதுதான் காரணம், நாலு நாள் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அந்த நாலு நாளும் நான் பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படித்ததும் எழுந்து போ. லீவு சொல்ல நிற்காதே. ரத்த அழுத்தம் பார்க்கச் சொல், சிறுநீர் சோதிக்கச் சொல். தலைவலியையும் மினுங்கலையும் சொல். நெஞ்சுக்குழிக்குக் கீழே வலித்தால் அதையும் சொல். உனக்கு வாய் வராது, தெரியும். வராவிட்டால் இந்தக் காகிதத்தை நீட்டு.

அக்கா


மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

கடிதத்தை வாசலிலேயே படித்தேன். கோட்டோடு ஆட்டோ ஏறினேன். வரிசையில் எனக்கு முன்னால் பதினான்கு பேர். நர்ஸம்மா என்ன என்று கேட்டார். "கை வீங்கியிருக்கு" என்றேன். "எல்லாருக்கும் வர்றதுதாம்மா, உக்காரு" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன் அக்கா. அவ்வளவுதான் என் தைரியம். பத்து நிமிஷம் கழித்து எழுந்து போய் உன் காகிதத்தை நீட்டினேன். நின்றுகொண்டே படித்தார். கடைசிவரை படித்தார். அப்புறம் என் கையைப் பிடித்து அவருடைய நாற்காலியிலேயே உட்காரவைத்தார்.

நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. சிறுநீரில் புரதம் இறங்கியிருக்கிறது. ஊர் மண்ணையெல்லாம் பாட்டிலில் போட்டுச் சோதிக்கிற நான், என் பாட்டிலைக் கைக்குட்டையால் மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வலிப்பு வராமல் இருக்க ஊசி போட்டார்கள். உடம்பு முழுக்க அனல் ஓடியது. குழந்தையின் நுரையீரல் முதிர வேறொரு ஊசி. இப்போது அழுத்தம் இறங்கியிருக்கிறது, கண்ணில் மினுங்கல் இல்லை. முப்பத்துநாலு வாரம் வரை இழுத்துப் பிடிக்கப் பார்ப்பார்களாம், அதற்குள் ஏறினால் உடனே எடுத்துவிடுவார்களாம். அவர் வேலையை விட்டு வந்து தரையில் படுத்திருக்கிறார். வயிற்றோடு பேச்சை நிறுத்திவிட்டு என்னோடு பேசுகிறார்.

பயமாக இருக்கிறது. நீ வருகிறாயா?

உன்
வாயில்லாப்பூச்சி


மே 15

தங்கச்சி,

பஸ்ஸில் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். முன்பக்கம் முடிச்சுப் போடுகிற மாதிரி நாலு சட்டை, ஊசி போட வசதியாகக் கை அகலம். குழந்தைத் துணி தைக்கவில்லை. கேட்காதே.

வர முடியவில்லை. பள்ளி திறக்கப் போகிறது, சீருடை மலையாகக் கிடக்கிறது. மாமா தினமும் காலையில் மாப்பிள்ளைக்குப் போன் செய்து அன்றைய அழுத்தத்தைக் கேட்டுச் சுவரில் எழுதுகிறார். நேற்று நூற்று நாற்பது என்றதும் கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னார். சீருடை கேட்க வந்த வாத்தியாருக்கு ஏன் என்றே தெரியவில்லை, அவரும் குடித்தார்.

இடப்பக்கம் சரிந்து படு.

அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா போனில் கேட்டுச் சொல்லியிருப்பார். இருபத்திரண்டாம் தேதி காலையில் அழுத்தம் திரும்ப ஏறியது, மதியத்துக்குள் எடுத்துவிட்டார்கள். பெண். ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள், மூச்சு தானாகவே விடுகிறாள். நேற்றிலிருந்து குழாய் வழியாக என் பால் போகிறது. பக்கத்துப் பெட்டிக் குழந்தையை விட நம்முடையது கோபக்காரி என்கிறார்கள். யாரைப் போல என்று நான் சொல்லவில்லை.

எனக்கு இன்னும் மாத்திரை உண்டு. ஆனால் மோதிரம் போட முடிகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். உன் பொட்டலத்தில் பஸ் ரசீது இல்லை. வாசல் காவலாளியிடம் கேட்டேன். கழுத்தில் டேப் தொங்க ஒரு அம்மா கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார். உள்ளே போகலாம், பார்க்கிற நேரம்தான் என்று அவர் சொல்லியும், எதிர் நிழற்குடையில் மாலைவரை உட்கார்ந்திருந்துவிட்டு பஸ் ஏறிவிட்டாயாம். ஏழு மணி நேரப் பயணம், போக ஏழு, வர ஏழு. எனக்கு வருத்தம் இல்லை அக்கா. அன்று முழுக்க நீ வாசலில் இருந்திருக்கிறாய் என்று நினைத்தால் தெம்பாகத்தான் இருக்கிறது.

உன் காகிதத்தை என் கேஸ் தாளோடு சேர்த்துப் பின் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த நர்ஸம்மா நேற்று வந்து, "உங்கக்கா அதுக்கப்புறம் பிரஷர் பாத்துக்கிறாங்களா?" என்று கேட்டார். ஒரு தடவை அப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் வெளியே தெரியாமலே அழுத்தம் ஏறுமாம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டுமாம். நீ பதினொரு வருஷமாகப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி இருக்கிற தெருவில்கூட நடக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

இதைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், ஊர்க்கதை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் வருகிறேன். குழந்தையைப் பார்க்க வா என்று கேட்கவில்லை. அது உனக்கு என்றைக்கு முடிகிறதோ அன்றைக்கு. வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் வலது பக்கம் முதல் மேஜை. அங்கே உட்கார்ந்து ஒரு தடவை கையை நீட்டு. நான் பக்கத்திலேயே நிற்கிறேன். நீ ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், கேட்கிறதுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உன்
தங்கை