உப்புக்காத்துக்கு ஒரு நட்பு அழைப்பு

பிப்ரவரி 4, செவ்வாய்

ஷிப்பிங் ஆபீசுக்கு இன்றும் லீவு. அப்பா ஐசியூவில் மூன்றாவது நாள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பார்க்க வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். பார்க்க வேண்டியவன் ஒருத்தன்தான், என் தம்பி பெனிஸ்டன். எட்டு மாதமாக எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. நம்பரை மாற்றிவிட்டான். கூட்டாளிகளைக் கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார்கள்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். போனில் அவன் ஆடும் சீட்டு விளையாட்டில் அவன் பெயர் உப்புக்காத்து. "ஊருக்குத்தான் நான் பெனிஸ்டன், அங்கன உப்புக்காத்து" என்று பீற்றிக்கொள்வான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அதை என் போனில் இறக்கினேன். இலவசம். நாசரேத் கிருபாநிதி சார் மகள், சீட்டுக்கட்டைக் கையால் தொடாதவள்!

திறந்ததும் ஓர் ஆமை வந்து கைதட்டுகிறது. மீன், நண்டு என்று கடல் படம் போட்ட சீட்டைப் பொட்டலம் பொட்டலமாகத் தருகிறது. பிரித்தால் வெளிச்சம், மணியோசை, ஒரே கொண்டாட்டம். எரிச்சலாக வந்தது. சத்தத்தை அணைத்துவிட்டு அவன் பெயரைத் தேடினேன். இருக்கிறான்! இன்று காலைகூட ஆடியிருக்கிறான். நட்பு அழைப்பை அமுக்கினால், பதினைந்தாம் நிலைக்கு வந்தபிறகுதான் அனுப்பலாமாம். நான் ஒன்றாம் நிலை.

பிப்ரவரி 5, புதன்

ஒன்பது ஆட்டம், ஒன்பதும் தோல்வி. காசு கட்டினால் நல்ல சீட்டு கிடைக்கும், நிலை கிடைக்காது. ஆடித்தான் ஏறணும். அப்பாவுக்கு அவ்வளவு நாள் இருக்கா?

பிப்ரவரி 6, வியாழன்

அம்மா பார்த்துவிட்டாள். ஐசியூ வாசலில் வேதப்புத்தகத்தை மடியில் வைத்திருந்தவள், எட்டி என் போனைப் பார்த்தாள். "ஏளா பெனிஷா, நீயுமா?" அவ்வளவுதான். அதற்குமேல் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தம்பி வீட்டை விட்டுப் போனதே இதனால்தானே. சனிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில், ஜெபக்குறிப்பு உண்டா என்று கேட்டதும் அப்பா எழுந்து, என் மகன் சீட்டாட்டத்தில் விழுந்துவிட்டான், அவனுக்காக ஜெபியுங்கள் என்று சொல்லிவிட்டார். நாற்பது பேர். அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஒரு ரூபாய் வைத்து ஆடியவன் இல்லை. அது சூது இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னேன். அப்போது அவன் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான்.

பிப்ரவரி 8, சனி

என் தப்பு புரிந்துவிட்டது. பெரிய திமிங்கலச் சீட்டைக் கடைசிவரை கையிலேயே பொத்திப் பொத்தி வைத்திருந்தேன், நல்ல பாத்திரத்தைப் பரணில் வைக்கிற மாதிரி. அது இறங்குவதற்குள் எதிராளி முடித்துவிடுகிறான். இப்போது நெத்திலி, நண்டு என்று சின்னச் சீட்டுகளை மளமளவென்று இறக்குகிறேன். பதினொன்றாம் நிலை. வெட்கக்கேடு, ஜெயித்தபோது சிரித்துக்கூட விட்டேன். அப்பாவுக்கு மூச்சு இரைக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

பதினாலு. அம்மா ஆராதனைக்குக்கூடக் கோயிலுக்குப் போகவில்லை, என்னோடு பேசவும் இல்லை. ஆண்டவரே, இன்னும் ஒரே நிலை. இதற்கெல்லாம் ஜெபிக்கலாமா?

பிப்ரவரி 10, திங்கள்

வந்துவிட்டேன்! அழைப்போடு செய்தி எழுத இடமே இல்லை. ஆட்டத்துக்குள்ளும் அவர்கள் வைத்திருக்கிற ஆறு வார்த்தைதான்: வணக்கம், நன்றி, நல்ல ஆட்டம், அடடா, கொஞ்சம் பொறு, மன்னிக்கவும். பெயரை ஒருதரம் இலவசமாக மாற்றலாம். மாற்றினேன். பெனிஷா அப்பா ஐசியூ தூத்துக்குடி. அந்தப் பெயரிலேயே அழைப்பை அனுப்பினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை பதினொன்றரைக்கு ஏற்றுக்கொண்டான். உடனே ஆட்டத்துக்குக் கூப்பிட்டான். வணக்கம் அமுக்கினேன். ஒரு சீட்டும் அவன் இறக்கவில்லை.

பிறகு: மன்னிக்கவும்.

போய்விட்டான். நீங்கள் வென்றீர்கள் என்று வாணவேடிக்கை, அந்த ஆமை கைதட்டுகிறது. பாவி. அப்பா சாகக் கிடக்கிறார் என்று தெரிந்தும் வரமாட்டேன் என்கிறாயே! உனக்காக எட்டு நாளாக நான்... போ. நீ எங்கே இருந்தாலும் நல்லா இரு. நான் ஆமென் சொன்னதற்கு இது சரிதான்.

பிப்ரவரி 12, புதன்

டாக்டர் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அம்மாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

காலை ஏழு மணிக்கு ஐசியூ வாசலில் ஒருத்தன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். முதலில் அடையாளமே தெரியவில்லை, தாடி. சூரத்திலிருந்து ரயில் மாறி மாறி வந்திருக்கிறான். மன்னிக்கவும் என்று போட்டுவிட்டு இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டேன்.

"வாரேன்னு ஒரு வார்த்தை அதுல இல்லையேக்கா."

உனக்கு என் நம்பர் தெரியுமே, போன் போட்டால் என்ன?

"போட்டா, அப்பா போயிட்டாங்கன்னு சொல்லிருவியோன்னு பயம்."

உள்ளே ஒருத்தரைத்தான் விட்டார்கள். கண்ணாடி வழியாக நானும் அம்மாவும் பார்த்தோம். அவன் குனிந்து ஏதோ சொன்னான். அப்பா பேச்சு வராத வாயால் எதுவோ சொல்ல முயன்றார், பிறகு இடது கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். நேரம் முடிந்தது, விரலைப் பிரித்துவிடட்டுமா என்று நர்ஸ் கேட்டாள்.

அவன் வேண்டாம் என்றான். சட்டையைக் கழற்றி அப்பா கையிலேயே விட்டுவிட்டு, பனியனோடு வெளியே வந்தான்.