ஏழாவது வரியில் அக்கா

மார்ச் 3, திங்கள்

இன்று நான் எழுதிய கணினி நிரல் முதன்முறையாக ஓடியது. நான் வேலை பார்க்கும் கண் வங்கியின் காத்திருப்போர் பட்டியலை இதுவரை மேலாளர் கையால்தான் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வரிக்கு ஒருவர்: பெயர், வயது, காத்திருக்கும் நாட்கள், நிலை, நடுவில் கமா. சிகிச்சை முடிந்தவர்களை வடிகட்டிவிட்டு, மீதிப் பேரை நாட்கணக்கில் அடுக்க வேண்டும். அதிக நாள் காத்திருப்பவர் மேலே. அவ்வளவுதான் வேலை. ஓடவிட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருநூற்றுப் பதினொரு பேரும் உள்ளே எழுந்து, செருப்புச் சத்தமே இல்லாமல் இடம் மாறி நிற்பதுபோல் தோன்றியது. கனவு கண்டது போதும், அச்செடு என்றார் மேலாளர்.

ஏழாவது வரியில் என் அக்கா. எண்பத்தெட்டு நாள். போன மாதம் எங்கோ அடியில் கிடந்தாள். வடிகட்டியதில் நிறையப் பேர் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல சேதியைக் குறுக்கு விசாரணை செய்ய யாருக்கு மனம் வரும்?

மார்ச் 4

அக்காவிடம் சொல்லிவிட்டேன். பதினெட்டு வருடம் பேருந்து ஓட்டியவள். இப்போது கருவிழி இரண்டும் வெளுத்துப்போய், டம்ளரைக்கூடத் தடவித்தான் எடுக்கிறாள். கண் வந்ததும் முதலில் என் மூஞ்சியைத்தான் பார்க்க வேண்டுமாம், எவ்வளவு குண்டாகிவிட்டேன் என்று.

மார்ச் 5

வேலையிலிருந்து வீடுவரை அக்கா ஓட்டும் பேருந்தில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தேன். உண்மையில் நடந்துதான் வந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

மத்தியானம் ஒரு தையல்காரர் வந்தார், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு. கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"ஆயிரத்து இருநூறு நாளுக்கு மேல ஆச்சும்மா. போன மாசம் நாலாவது ஆளுன்னாங்க. இப்ப இருநூத்தி நாலாம். நான் என்ன தப்பு பண்ணேன்?"

அவர் போனதும் நிரலைத் திறந்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. கோப்பிலிருந்து படிக்கும் எதுவும் முதலில் வெறும் எழுத்துதான். நாட்களை எண்ணாக மாற்றிவிட்டுத்தான் அடுக்க வேண்டும். நான் மாற்றவில்லை. எழுத்தாகப் பார்த்தால் முதல் இலக்கம்தான் கணக்கு; எட்டில் தொடங்குவது ஒன்றில் தொடங்குவதைவிடப் பெரிது. அதனால் 88 மேலே, 1203 கீழே. வடிகட்டியதில் அதிகம் பேர் போகவில்லை. நூறாவது நாள் வந்ததும் அக்காவும் தானாகவே அடிக்கு விழுந்திருப்பாள்.

இந்த வாரம் வந்த ஒரே கண், தொண்ணூற்றொன்பது நாள் காத்திருந்தவருக்குப் போய்விட்டது. அதை இனி யாரும் திருப்பிக் கேட்க முடியாது. என்ன காரியம் பண்ணிட்டேன் — இத்தனைக்கும் இது நிரல் வகுப்பின் முதல் வாரப் பாடம்.

மார்ச் 8

வங்கியில் இரண்டு கண்கள் பரிசோதனை முடிந்து தயாராக இருக்கின்றன. திங்கள்கிழமைப் பட்டியலில் முதல் இருவருக்கு. பழைய நிரலையே திங்கள்கிழமைத் தேதி போட்டு ஓட்டிப் பார்த்தேன். அன்று அக்காவுக்குத் தொண்ணூற்றைந்து நாள், இரண்டாவது வரி.

ஒரே ஒரு திங்கள் பேசாமல் இருந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை திருத்தினால்? யாருக்குத் தெரியும்? தையல்காரர் இன்னொரு மாதம் பொறுக்க மாட்டாரா? — இதை எழுதும் கை என்னுடையதுதானா.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்து, எண், தையல்காரர், திங்கள்கிழமை. கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். கடைசியில் கை நின்றது.

"இதை ஏண்டி எங்கிட்ட சொன்னே? நீயே சரி பண்ணிட்டுப் பேசாம இருந்திருக்கக் கூடாதா? இப்ப நான் வேணாம்னு சொல்லணும், இல்ல?"

அவள் சொன்னது சரி. பாதிப் பாவத்தை அவள் தலையில் இறக்கி வைக்கத்தான் போயிருக்கிறேன்.

"சரி பண்ணு" என்றாள். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 10, திங்கள்

ஒரு சொல் சேர்த்தேன். ஓடவிட்டேன். தையல்காரர் இரண்டாவது. அக்கா நூற்று எண்பத்தேழு.

மேலாளரிடம் நானே ஒப்புக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். அப்புறம் மன்னிப்புக் கடிதத்தை இருவரும் சேர்ந்து எழுதினோம். தையல்காரருக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். தப்பான ஆளைக் கூப்பிட்டுவிட்டீர்களா என்று இரண்டு முறை கேட்டார்.

மார்ச் 13

அக்கா இன்னும் பேசவில்லை.

ஜூன் 16, திங்கள்

பட்டியல் சரியாக ஓடுகிறது. ஒவ்வொரு முறையும் முதல் பத்து, கடைசிப் பத்து வரிகளைக் கையால் சரிபார்க்கிறேன். அக்கா நூற்று எழுபத்தொன்று.

சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே உள்ளிருந்து கேட்டாள்.

"இன்னிக்கு யாருக்குடி?"

திங்கள்தோறும் இப்போது இதைத்தான் கேட்கிறாள். பெயர் சொல்லக் கூடாது, தொழிலை மட்டும் சொல்வேன். ஒரு நீச்சல் பயிற்சியாளர், ஆயிரத்து நூறு நாள் என்றேன். "அம்மாடி" என்று முகம் மலர்ந்தாள். தண்ணீருக்கு அடியிலும் அவருக்கு நன்றாகத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன்.

தன் எண்ணை அவள் கேட்கவில்லை.