வேஷம் மாற்றிய நோயும் இரண்டே கட்டமுள்ள படிவமும்

அனுப்புநர்:
ம. தானியேல் (வயது 48),
மாதா கோயில் தெரு,
ஆரம்பாக்கம்,
கும்மிடிப்பூண்டி வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவள்ளூர்.

பொருள்: இரத்தப் புற்றுநோய் திரும்பி வந்த என் தம்பி பென்னிக்கு ஸ்டெம் செல் கொடுக்க எங்கள் தங்கை மெர்சி பொருந்துவாரா என்று பார்க்கும் பரிசோதனைக்குக் காப்பீட்டு ஒப்புதல் மறுக்கப்பட்டது – உடனே ஒப்புதல் கிடைக்க உத்தரவிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு,

வணக்கம். என் புகாரைச் சொல்லும் முன், என் மேலுள்ள புகாரை நானே சொல்லிவிடுகிறேன். விசாரணைக்கு யார் வந்தாலும் ஊரில் முதலில் அதைத்தான் சொல்வார்கள். சென்ற ஆண்டு ஜூலை மாதம் ஆரம்பாக்கம் இரயில் நிலையச் சாலையில் பத்தடி உயர ஃபிளக்ஸ் பேனர் ஒன்று வைக்கப்பட்டது. "தம்பியின் உயிர் காத்த தங்க அண்ணன் தானியேல் அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம் – இவண் ஊர்ப் பொதுமக்கள்" என்று அதில் இருந்தது. அந்தப் பொதுமக்கள் நான்தான். என் படத்தை ஆளுயரத்துக்கும், உயிர் பிழைத்தவன் படத்தை அஞ்சல் தலை அளவுக்கும் போடச் சொன்னதும் நான்தான். அனுமதி பெறாமல் வைத்ததற்கு வருந்துகிறேன். நான்காம் நாளே அவிழ்த்துவிட்டேன்.

தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடமும் போனேன். "கண்ணீர் மல்க" என்று தொடங்கினார். என் கண்ணில் அப்போது தூசிகூட இல்லை. ஆகவே ஏழாம் வகுப்பு வரை படித்ததை வைத்து நானே எழுதுகிறேன்.

1. நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லின் கேட்டில் காவலாளி. தம்பி பென்னி (வயது 33) அதே வளாகத்தில் வெல்டர். அவருக்கு மனைவியும் மூன்று வயது மகளும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு விடாத காய்ச்சலும் பல் ஈறில் இரத்தமும் வந்து, சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் இரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள்.

2. அங்குள்ள மருத்துவர் கல்பனா அம்மா சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்தம் ஊறுகிறது. அங்கே ஏதோ ஓர் அணுவின் மரபணுவில் ஒரு மாற்றம் விழுந்துவிட்டது. "போதும், நிறுத்து" என்ற உத்தரவு அதன் காதில் ஏறவில்லை. அது இரண்டாகி, நான்காகிக் கூட்டமாகிவிட்டது. பெருகும்போதே அடுத்த மாற்றம், அதற்கு மேல் இன்னொன்று. மருந்து கொடுத்தால் பெரும்பாலானவை செத்தன. எந்த அணுவுக்கு அதன் மாற்றம் கைகொடுத்ததோ அது மட்டும் தப்பித்துத் தன்னைப் போலவே குட்டி போட்டது. இப்படி ஒவ்வொரு சுற்றிலும் அந்த நோய்க்குக் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் கூடியது. எங்கள் குடும்பத்தில் படித்து முன்னுக்கு வந்தது அது ஒன்றுதான்.

3. ஆகவே சென்ற ஆண்டு மே மாதம் என் ஸ்டெம் செல்லை, அதாவது இரத்தம் ஊறவைக்கும் மூல அணுவை, எடுத்துத் தம்பிக்கு ஏற்றினார்கள். முழுப் பொருத்தம் இல்லை, பாதிப் பொருத்தம். ஒவ்வொருவர் அணுவிலும் அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று இரண்டு அடையாள அட்டைகள் உண்டாம். அப்பாவிடமும் அம்மாவிடமும் இருக்கும் இரண்டிரண்டில் எந்த ஒன்று எந்தப் பிள்ளைக்கு வரும் என்பது குலுக்கல் மாதிரியாம். பென்னிக்கும் எனக்கும் அப்பா வழி அட்டை ஒன்றே; அம்மா வழி அட்டை வேறு. அந்த வேற்றுமைதான் நல்லது செய்தது. என்னிடமிருந்து போன வெள்ளை அணுக்கள் தம்பியின் நோய் அணுவிடம் தங்களுக்குத் தெரியாத அம்மா வழி அட்டையைப் பார்த்து, "யார்ரா நீ?" என்று கேட்டு அடித்து விரட்டின. பதின்மூன்று மாதம் தம்பி நன்றாக இருந்தார். பேனர் வைத்தது இந்த மகிழ்ச்சியில்தான்.

4. இந்த ஜூன் மாதம் நோய் திரும்பிவிட்டது. மஜ்ஜையை எடுத்து மரபணுவைப் பார்த்ததில், நோய் அணு ஒரு வேலை செய்திருந்தது. என் ஆட்கள் எந்த அட்டையைப் பார்த்து அடித்தார்களோ, அந்த அம்மா வழி அட்டையை மட்டும் கழற்றி எறிந்துவிட்டது. மீதி இருப்பது என்னிடமும் உள்ள அப்பா வழி அட்டைதான். இப்போது என் ஆட்கள் அதைப் பார்த்து, "அட, நம்மாளு" என்று சல்யூட் அடித்து உள்ளே விடுகிறார்கள். இதைக் கேட்டு எனக்கு மருத்துவர் அளவுக்கு ஆச்சரியம் வரவில்லை. மில்லில் காப்பர் வயர் திருடி வேலை போன ஒருவன், ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த பழைய காண்ட்ராக்டரின் சிவப்புப் பட்டையைக் கிழித்துவிட்டு, எல்லோரையும் போல வெறும் மஞ்சள் ஹெல்மெட்டோடு என் கேட்டிலேயே உள்ளே போனான். நானும் வணக்கம் வைத்தேன். தம்பி படுக்கையில் இருந்தபடியே, "உன் ஆளுங்க உன்ன மாரியேதான் கீறாங்கண்ணே. தெரிஞ்ச மூஞ்சின்னா கேட்ட தொறந்து உட்டுர்றாங்க" என்றார். மருத்துவர் சிரிப்பை அடக்க ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டார்.

5. ஆகவே மறுபடி என்னுடையதை ஏற்றினால் பயனில்லை. பென்னியின் அம்மா வழி அட்டையை உடைய, ஆனால் அப்பா வழி அட்டை வேறாக உள்ள ஒருவர் வேண்டும். அவருடைய ஆட்கள்தான் இப்போதிருக்கும் நோயை அந்நியன் என்று கண்டுபிடிப்பார்கள். எங்கள் அம்மா இப்போது இல்லை. தம்பியின் மகள் குழந்தை. மிச்சம் ஆர்.கே.பேட்டையில் வாழ்க்கைப்பட்ட தங்கை மெர்சிதான். அவர் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்கிறார் மருத்துவர். இல்லையென்றால் தாய்மாமன் வீட்டில் தேட வேண்டும். எதுவானாலும் மெர்சியின் பரிசோதனை முடிவு முதலில் தெரிய வேண்டும்.

6. இங்கேதான் என் புகார். மருத்துவமனையில் உள்ள அரசுக் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் இருந்தவர் படிவத்தை எடுத்து, "நோவு பழசா, புதுசா? ரெண்டுல ஒண்ணு சொல்லுபா, கட்டம் ரெண்டுதான் கீது" என்றார். பழசு என்றேன். பழைய நோய்க்குக் கொடையாளர் பரிசோதனை ஏற்கெனவே முடிந்துவிட்டது, இரண்டாவது கிடையாது என்று அடித்துவிட்டார். மறுநாள் போய்ப் புதுசு என்றேன். புதிய நோய் என்றால் முதலிலிருந்து விண்ணப்பித்து முறைக்குக் காத்திருக்க வேண்டும் என்றார். மருத்துவர் "அதே நோய், ஆனால் மரபணு மாறிவிட்டது" என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். கவுண்டர்காரர் அதை இரண்டு முறை படித்தார். "டாக்டரம்மா சொல்றது கரெக்டுதான் நைனா. ஆனா இத நான் எங்க டிக் பண்றது?" என்றார். அவர் நல்ல மனிதர். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். படிவம்தான் பேஜார்.

7. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. முதல் முறையே மெர்சிக்கும் சேர்த்துப் பரிசோதனை செய்ய மருத்துவர் சொன்னார். மெர்சி வந்தும் இருந்தார். என்னுடையது போதும் என்று தெரிந்ததும் நான் மார்பைத் தட்டி, "வேறு கொடையாளருக்குப் பரிசோதனை தேவையில்லை" என்ற தாளில் கையெழுத்துப் போட்டு அவரை ஊருக்கு அனுப்பிவிட்டேன். உயிர் கொடுத்த பெயர் எனக்கு மட்டும் இருக்கட்டும் என்ற ஆசை. இப்போது கவுண்டரில் அந்தத் தாளையும் எடுத்துக் காட்டுகிறார்கள். விஷயத்தைச் சொல்ல மெர்சிக்கு போன் செய்தபோது, "இன்னாண்ணா, அன்னிக்கு நான் ஒருத்தனே போதும்னு குதிச்சிக்கினு இருந்தியே, ஸ்டாக் தீந்துட்சா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே புறப்பட்டு வந்துவிட்டார். அந்தக் கையெழுத்து என் தவறு. அதற்கான தண்டனையை எனக்குக் கொடுங்கள். தம்பி அதில் கையெழுத்துப் போடவில்லை.

8. மருந்தின் பலத்தில் நோய் இப்போது அடங்கி இருக்கிறது. இது ஆறு வாரம் தாங்கினால் பெரிது என்கிறார் மருத்துவர். அதற்குள் புதுக் கொடையாளரின் ஸ்டெம் செல் ஏற வேண்டும். அதில் இரண்டு வாரம் கவுண்டரிலேயே போய்விட்டது. நோய் எந்தப் படிவத்தையும் நிரப்பாமல் தன் மரபணுவை மாற்றிக்கொண்டே இருக்கிறது. தம்பி தைரியமாகத்தான் இருக்கிறார். அடுத்த பேனரில் தன் படம் பெரிதாகவும் என் படம் சிறிதாகவும் இருக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார். நான் ஒப்புக்கொண்டுவிட்டேன். அதை வைக்கும் நாள் வர வேண்டும் அய்யா. ராத்திரி வேலையில் இருக்கும்போது சிரிப்பு வருவதில்லை.

ஆகவே, மருத்துவர் எழுதியுள்ளதை ஏற்று, நான் முன்பு போட்ட கையெழுத்தைத் தடையாகக் கொள்ளாமல், மெர்சியின் பரிசோதனைக்கு இந்த வாரத்துக்குள் ஒப்புதல் கிடைக்கத் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன். முடிந்தால் படிவத்தில் "அதே நோய், மாறியது" என்று மூன்றாவதாக ஒரு கட்டமும் போடச் சொல்ல வேண்டுகிறேன். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கு உதவும்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,

ம. தானியேல்

இடம்: திருவள்ளூர்
நாள்: 11.08.2025

இணைப்பு:
(1) மருத்துவர் கல்பனாவின் கடித நகல்.
(2) ஒப்புதல் மறுத்த இரு சீட்டுகளின் நகல்.
(3) மெர்சியின் சாதாரண இரத்தப் பரிசோதனை முடிவு. இதற்கு ஒப்புதல் தேவையில்லை என்பதால், நாள் வீணாகாமல் மருத்துவர் சென்ற வெள்ளிக்கிழமையே எடுக்கச் சொன்னார். மெர்சிக்கு ஊசி குத்தும்போது தைரியம் சொல்ல அருகில் நின்ற நான் மயங்கி விழுந்து, மேசை முனை பட்டு நெற்றியில் இரண்டு தையல் போடப்பட்டது. மெர்சி நலமாக உள்ளார்.