நான் மட்டும் போய்ப் பார்த்த ஏரி

பிப்ரவரி 4, செவ்வாய்

கண் டாக்டர் இன்று சுற்றி வளைக்கவில்லை. என் மனைவியின் இடது கண் போன வருடமே போய்விட்டது. சர்க்கரை செய்த வேலை. வலது கண்ணிலும் உள்ளே ரத்தக் குழாய்கள் நைந்துபோய்க் கிடக்கின்றனவாம். எப்போது வேண்டுமானாலும் கசியலாம், கசிந்தால் பார்வை திரும்பாது என்றார். "பாக்கணும்னு நெனச்சதெல்லாம் தள்ளிப்போடாம பாத்துடுங்கம்மா" என்று அவளிடமே நேராகச் சொல்லிவிட்டார். முப்பது வருடமாகக் கண்ணாடிக்கடையில் லென்ஸ் அறுத்துத் தேய்த்து ஃபிரேமில் மாட்டுகிறவன் நான். யார் யாருக்கோ செய்கிறேன். வீட்டில் இருக்கிற ஒருத்திக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன், என்ன பார்க்க வேண்டும் என்று. அவள் யோசிக்கவே இல்லை. "அந்த ஏரி" என்றாள்.

பிப்ரவரி 5, புதன்

ஏரிக் கதை எனக்குத் தெரிந்ததுதான். எட்டாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலா. மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர், குன்றின் மேல் ஒரு பழைய காவல் கோபுரம். மேலே போய் நின்றால் ஊரையே வளைத்துக்கொண்டு ஏரி தெரியுமாம். இவளுக்கு வழியெல்லாம் வாந்தி. டிரைவர் காவலில் பஸ்ஸிலேயே படுக்க வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறிப் போனார்கள். திரும்பி வந்து ஒரு வாரம் அதையே பேசி இவள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள்.

கல்யாணமான புதிதில் இதைச் சொன்னாள். "போலாம்" என்றேன். அப்படிச் சொல்வதில் மட்டும் நான் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

பிப்ரவரி 8, சனி

மகள் போன் செய்தாள். "அம்மாவால அவ்ளோ படி ஏற முடியுமாப்பா? விழுந்து கிழுந்து வச்சா யார் பாக்கறது? போன்ல அந்த ஊரு வீடியோ நெறைய இருக்கு, பெருசாக்கிக் காட்டுங்க."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், என் புத்தி. இவள் சமையலறையிலிருந்தே பதில் சொன்னாள்: "அவ கல்யாணத்துக்கு வீடியோ வந்தாப் போதும்னு நாம வீட்ல உக்காந்திருந்தோமான்னு கேளுங்க."

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் விழுந்து கிழுந்து என்று சொன்னாளே, அது மனதில் உட்கார்ந்துகொண்டது.

பிப்ரவரி 10, திங்கள்

முதலாளி லீவு தரமாட்டார் என்று ஏழெட்டுப் பொய் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுகூடச் செலவாகவில்லை. "இதுக்கெல்லாம் கேக்கணுமா? இந்த சனிக்கிழமையே கூட்டிட்டுப் போங்க" என்றார். போனில் லாட்ஜுக்குச் சொல்லி அறையும் போட்டாயிற்று. பதினைந்தாம் தேதி.

இவள் இரண்டு புடவையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எது கட்டட்டும்?" என்றாள். எதுவானாலும் என்றேன். "உங்ககிட்ட கேட்டேன் பாருங்க" என்றாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மனசு ஒரு நிலையில் இல்லை. படி எப்படி, வழுக்குமா, பிடித்துக்கொள்ள ஏதாவது உண்டா, ஒன்றும் தெரியாமல் அரைக்கண்ணோடு இருப்பவளை எப்படி ஏற்றுவது? கடையில் நான் இரண்டு தடவை அளக்காமல் எந்த லென்ஸையும் அறுத்ததில்லை. சின்னப் பையன்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். அறுத்தது அறுத்ததுதான், ஒட்ட வைக்க முடியாது.

நாளை கடைக்கு வார விடுமுறை. நான் மட்டும் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். சரக்கு எடுக்கப் போவதாக இவளிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் நானும் வருகிறேன் என்று நிற்பாள்.

பிப்ரவரி 12, புதன்

போனது எவ்வளவு நல்லதாயிற்று. படிகள் பாறையில் வெட்டியவை, ஒன்று முழங்கால் உயரம், ஒன்று சாண் உயரம். கடைசி வளைவில் கைப்பிடிக் கம்பி பெயர்ந்து பள்ளத்தில் தொங்குகிறது. நானே பாறையைப் பிடித்துக்கொண்டுதான் அதைத் தாண்டினேன். லாட்ஜ்காரர் நல்ல மனிதர். "அடுத்த வாரம் புதுக் கம்பி போட்டுருவாங்க சார். அம்மாவ அதுக்கப்புறம் கூட்டிட்டு வாங்களேன், உங்களுக்கும் நிம்மதி" என்றார். மாடி அறையை மாற்றிக் கீழ் அறை கேட்டேன். குளியலறைத் தரை வழுக்குகிறது, ரப்பர் விரிப்பு போடச் சொன்னேன். தேதியை இருபத்திரண்டுக்குத் தள்ளிவிட்டேன். ஒரு வாரத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

திரும்பி வரும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

தேதி தள்ளிப்போன காரணத்தைச் சொல்லப்போய் எல்லாம் வெளியே வந்துவிட்டது. கம்பி உடைந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வரும், அதைக் காப்பாற்றத்தான் வராது.

"மேல வரைக்கும் ஏறினீங்களா?"

"ஏறினேன்."

கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். "அப்பவும் எல்லாரும் பாத்துட்டுதான் வந்தாங்க" என்றாள்.

உனக்காகத்தான் போனேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்க அவள் அங்கே இல்லை.

பிப்ரவரி 15, சனி

இன்றைக்குப் போயிருக்க வேண்டியது. கடையில் இருந்தேன். வெயில் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையில் டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "கண்ணுக்குள்ள செவப்பா ஏதோ எறங்குதுங்க" என்றாள். பயம்கூட இல்லை குரலில், மழை வருது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். ஆட்டோவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, "இப்ப கறுப்பாயிடுச்சு" என்றாள்.

பிப்ரவரி 19, புதன்

திரும்பாது. அறுத்தும் பிரயோஜனமில்லை, விழித்திரையே உரிந்துவிட்டது என்கிறார் டாக்டர். மனிதர் வருத்தத்தோடுதான் சொன்னார். பிறகு, ஆறுதலுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "அந்த ஊருக்குப் போய்ப் பாத்துட்டு வந்தீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இவர் பாத்துட்டு வந்தாரு" என்றாள்.

குத்திக்காட்டிச் சொன்னதாகத் தெரியவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ஒரு கம்பிக்காகவா? ஏன்யா, ஒரு கம்பிக்காகவா? கையப் புடிச்சு ஏத்திக் கூட்டிட்டுப் போக ஒனக்குக் கை இல்லையா? அவ என்ன கம்பியவா கேட்டா? போன சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் போதும், ரெண்டே மணி நேரம் — முதலாளி சரின்னாரு, டாக்டர் போன்னாரு, ரூம் இருந்துச்சு, வெயில் இருந்துச்சு. ஊர்ல ஒருத்தன் குறுக்க நிக்கல. நாந்தான் நின்னேன்.

மகள் வந்துவிட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் தெரியும் போல.

பிப்ரவரி 21, வெள்ளி

மகள் குளிக்கப் போனதும் இவள் கூப்பிட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏரி எப்படி இருந்துச்சு? சொல்லுங்க, கோவமெல்லாம் இல்ல."

சொல்ல ஆரம்பித்தேன். படியைச் சொன்னேன். எந்த இடத்தில் குனிய வேண்டும் என்று சொன்னேன். கம்பி பெயர்ந்த இடம், குளியலறைத் தரை, பஸ் படியின் உயரம், எல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஏரி?"

தேடித் தேடிப் பார்க்கிறேன், மண்டைக்குள் ஏரியே இல்லை. கோபுரத்து வாசலில் நின்றேன், அது நினைவிருக்கிறது. நின்று குனிந்து கடைசிப் படியைப் பார்த்தேன். பார்த்துவிட்டு இறங்கிவிட்டேன்.

"பாக்கவே இல்லையா?" என்றாள்.

"இல்லம்மா."

சிரித்தாள். நிஜமாகவே அடக்க முடியாமல் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. இதற்கு அவள் என்னை அடித்திருக்கலாம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரூம வேணாம்னு சொல்லிட்டீங்களா?" என்றாள். இன்னும் இல்லை என்றேன்.

"சொல்லாதீங்க. போலாம்."

பிப்ரவரி 22, சனி

மகள் கடைசி வரை வேண்டாம் என்றாள். வந்துவிட்டோம். லாட்ஜ் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவள் தூங்குகிறாள்.

புதுக் கம்பி போட்டிருக்கிறார்கள். பச்சைப் பெயின்ட், இன்னும் வாசனை போகவில்லை. இவள் அதைத் தொடவே இல்லை. என் கையைப் பிடித்துத்தான் ஏறினாள். முழங்கால் உயரப் படி எனக்கு முன்பே தெரியும் என்பதால் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே வந்தேன். "படிய விடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள் ஒரு தடவை.

மேலே நல்ல காற்று. "வந்துட்டமா?" என்றாள். வந்துவிட்டோம் என்றேன். "ம். சொல்லுங்க."

பார்த்தேன். "தண்ணி இருக்கு" என்றேன்.

"ஏரின்னா தண்ணிதான் இருக்கும். அப்புறம்?"

"நடுவுல ஒரு திட்டு இருக்கு. அதுல ஒரே ஒரு மரம்."

"என்ன மரம்?"

தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்வதற்காக அவள் பக்கம் திரும்பினேன். கழுத்தை நீட்டி, முகத்தை நன்றாக நிமிர்த்தி வைத்துக்கொண்டு நின்றாள். ஏரி பின்னால் இருந்தது. அவள் கோபுரத்துச் சுவருக்கு நேராக நின்றிருந்தாள்.

தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். முகவாயைத் தொட்டுக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளினேன்.

"இப்ப சரியா இருக்கா?" என்றாள்.

சரியாக இருக்கிறது என்றேன்.